ஹாப்ஸ்பர்க் வமிசமும் குருதிப் பெருமையும்

பிறப்பினால் தமக்கொரு தனிச் சிறப்பு உண்டென்று கூறிக்கொள்வோர் எந்நாட்டிலும் இருந்துளர். ஐரோப்பாவில் அவ்வுரிமை கோரிய குடும்பங்களுள் தலையாயது ஹாப்ஸ்பர்க் வமிசம். அதன் தொடக்கமோ எளியது. இன்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்காவ் பகுதியில், பதினோராம் நூற்றாண்டில் எழுந்த ஒரு கோட்டையின் பெயரே குடும்பப் பெயராயிற்று. 1273-இல் அக்குடும்பத்து ருடால்ப் என்பான் ஜெர்மானியரின் மன்னனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். பின்னர் ஆஸ்திரியாவும் அவன் மக்கள் கைப்பட்டது.

1356-இல் சக்கரவர்த்தி நான்காம் சார்லஸ், மன்னனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுவருக்கே உண்டென்று சாசனம் வகுத்தான். ஆஸ்திரியாவின் கோமகனுக்கு அவ்வெழுவருள் இடமில்லை. சக்கரவர்த்தியின் மருமகனே ஆகிய நான்காம் ருடால்ப் இதனைப் பொறானாய், 1358-59-இல் பழம் பட்டயங்கள் சிலவற்றைப் புதிதாகவே எழுதுவித்தான்! ஜூலியஸ் சீசரும் நீரோவும் ஆஸ்திரியாவுக்குச் சலுகை அளித்ததாகக் கூறும் கடிதங்களும் அவற்றுள் இருந்தன. ஐயுற்ற சக்கரவர்த்தி, இத்தாலியப் புலவர் பெட்ரார்க்கின் கருத்தை வேண்டினான். 1361-இல் அவர் விடையளித்தார்: சீசர் தன்னை 'நாம்' என்று எழுதுபவன் அல்லன், 'அகஸ்டஸ்' என்னும் பட்டமும் அவனுக்குப் பின் வந்தது, ஆகவே இவை பொய். ('நாம்' என்றெழுதும் எம் போன்றோர்க்கு இஃதோர் எச்சரிக்கை போலும்!)

எனினும் 1453-இல், அவ்வமிசத்தவனாகிய சக்கரவர்த்தி மூன்றாம் பிரடெரிக், அப்பொய்ப் பட்டயங்களையே சட்டமாக்கிவிட்டான். 'ஆர்ச்டியூக்' என்னும் பட்டம் அவ்வாறு நிலைத்ததே.

திருமணங்களாலேயே பர்கண்டியும் ஸ்பெயினும் இக்குடும்பத்திற்கு வந்தன. மணத்தால் வந்தது மணத்தாலேயே போய்விடுமோ என்னும் அச்சமும் உடன் வந்தது. அன்றியும், மதப் பிளவுக்குப் பின்னர்க் கத்தோலிக்க அரச குடும்பங்கள் சிலவே எஞ்சின. ஆதலின் தம் குடும்பத்துக்குள்ளேயே பெண் கொண்டனர். இரண்டாம் பிலிப் 1570-இல் தன் தங்கை மகளை மணந்தான். நான்காம் பிலிப்போ, இறந்துபோன தன் மகனுக்கு நிச்சயித்திருந்த தங்கை மகளை 1649-இல் தானே மணந்தான். மணமகளுக்கு வயது 14, அவனுக்கு 44. தாய்மாமன் மணம் நம்மவர்க்குப் புதிதன்று. ஆதலின் இதைக் கண்டு நாம் நகைத்தற்கில்லை.

அம்மணத்தில் 1661-இல் பிறந்தவன் இரண்டாம் சார்லஸ். தந்தையின் தங்கையே அவனுக்குத் தாயின் தாய். நீண்ட தாடையால் உணவை மெல்ல இயலாதவன். நடையும் பேச்சும் காலந்தாழ்த்தே வந்தன. இரு முறை மணந்தும் மகவில்லை. பேய் பிடித்ததென்று மந்திரிப்பும் நடந்தது. நோயின் மூலம் எங்கிருந்ததென்பதை அரண்மனையில் எவரும் ஆராயவில்லை போலும். 2009-இல் ஸ்பானிய ஆராய்ச்சியாளர் அவன் குலமுறையைக் கணக்கிட்டு, உடன்பிறந்தார் இருவர் கூடிப் பெறும் குழந்தைக்கு நிகராக அவனிடம் குருதி நெருக்கம் இருந்ததெனக் கண்டனர்.

1700-இல் சார்லஸ் மாண்டான். அயலார்க்குச் செல்லாதிருக்கக் காக்கப்பட்ட ஸ்பானிய அரியணைக்காக 1701 முதல் 1714 வரை ஐரோப்பா போரிட்டது. அதில் அமர்ந்தவன் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் பேரன்.