கட்டுமரமும் கடலில்லாச் சீமையும்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குச் செல்லும் சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில், தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டியிருந்த வர்ண விளம்பரம் ஒன்றின் முன் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். அந்தமான் யாத்திரைக்கான விளம்பரம் அது. விமானம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்ன தொகை என்று கண்டிருந்ததன் கீழே, ‘ஒரு நாள் கேட்டமரான் பயணம், தீவுக் கடற்கரையில் உல்லாசம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, நீலக் கடலின்மேல் வெள்ளைக் கலம் ஒன்றையும் வரைந்திருந்தார்கள். கேட்டமரான் என்றால் என்னவென்று கடைக்காரரிடம் விசாரித்தேன். “அது வெளிநாட்டுக் கப்பலுங்க, உள்ள ஏசி எல்லாம் இருக்கும்” என்றார் அவர், பாலை ஆற்றிக்கொண்டே. அவர் சொன்னதில் பாதி உண்மை. கலம் அயல்நாட்டு வடிவந்தான். பெயரோ சோழமண்டலக் கரையில் பிறந்தது.

அந்தப் பெயர் கடல் கடந்து போன சரித்திரம் விநோதமானது. டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697ஆம் ஆண்டில் அச்சான தம் பிரயாண நூலிலே, சோழமண்டலக் கரையினர் ஒன்றிரண்டு இலேசான மரங்களை வைத்து ஓட்டும் மிதவையைக் ‘கட்டமரான்’ என்று அழைப்பதையும், அதில் ஒருவனே ஏறிச் செல்வதையும், அவன் கால்கள் எந்நேரமும் தண்ணீரிலே நனைந்துகொண்டிருப்பதையும் எழுதிவைத்தார். சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில், கப்பல்கள் அலை மடியும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, வேறெந்தப் படகும் இறங்க அஞ்சும் கொந்தளிப்பிலும் கட்டுமரக்காரர்கள் இறங்கி, நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு, அலை புரட்டித் தள்ளினால் நீந்திப்போய் மீண்டும் மரத்தைப் பிடித்தேறி, கோட்டைக்கும் கப்பலுக்கும் இடையே தபால் சுமந்தார்கள். துணிச்சலாகப் பணி செய்தவர்களுக்குக் கும்பினியார் பதக்கம் கொடுத்ததும் உண்டு. சீமையிலிருந்து வந்திறங்கிய துரைமார்கள் இந்தியாவில் முதன்முதல் கண்ட மனிதன் பெரும்பாலும் இந்தக் கட்டுமரக்காரனாகவே இருந்தமையால், அந்தச் சொல் அவர்களுடைய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் ஏறி, அங்கிருந்து அவர்கள் பாஷையிலும் நிலைத்துவிட்டது.

நிலைத்த பின் அது பட்ட பாடு கொஞ்சமல்ல. நெப்போலியனுடைய படகுகளை எரிப்பதற்காக 1804இல் பூலோன் துறையில் ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கு அந்தப் பெயர் போயிற்று. பின்னர், வாயாடிப் பெண்ணை ஏசுவதற்கும் அவர்கள் அதையே வழங்கினார்கள். வெடிமருந்துக்கும் வாயாடிக்கும் கட்டுமரத்தோடு என்ன சம்பந்தமோ, அவர்களுக்கே வெளிச்சம். கடைசியாக, அமெரிக்காவில் ஹெர்ரஷாஃப் என்னும் கலஞ்செய் நிபுணர், ஒடுக்கமான இரண்டு உடல்களை மேலே தளமிட்டு இணைத்துத் தாம் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற பாய்க்கலத்தை 1876இல் நியூயார்க் போட்டியில் ஓட்டி வென்றார். தோற்றவர்கள் கூக்குரலிட்டு அந்த வகைக் கலத்தையே பந்தயத்திலிருந்து விலக்கிவைத்தார்கள். இரட்டை உடற் கலத்துக்கு இந்தப் பெயரே நின்றது. மரங்களை ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டும் நம் மரபுக்கும், இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுப் பிணைக்கும் பாலினீசியத் தீவினர் மரபுக்கும் உள்ள வேற்றுமையை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆயினும் இரட்டைக் கலம் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிடவும் மனம் ஒப்பவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்னும் கிரேக்க நூல், கிழக்குக் கரைத் துறைகளைச் சொல்லும் இடத்திலே, ஒற்றை மரக் கலங்களைச் சேர்த்துப் பிணைத்த ‘சங்கர’ என்னும் பெருங்கலத்தையும், கங்கைக்கும் சுவர்ண பூமிக்கும் செல்லும் இன்னும் பெரிய மரக்கலங்களையும் குறிப்பிடுகிறது. மலையாளத்தார் இரண்டு தோணிகளை இணைத்துத் தளம் பரப்பிய கலத்தைச் சங்ஙாடம் என்கிறார்கள். தமிழகராதியிலும் இரட்டைத் தோணிக்குச் சங்கடம் என்றொரு பெயர் உண்டு. துன்பத்துக்கும் அதுவே பெயராக இருப்பது, ஆடிப் பெருக்கில் ஆற்றைக் கடந்தவர்கள் செய்த வேலையாக இருக்கலாம் என்பது என் வேடிக்கையான ஊகம்.

அசல் கட்டுமரத்தை அருகிருந்து பார்க்க வேண்டுமென்று தரங்கம்பாடிக்கு ஒருமுறை விடியற்காலையில் போயிருந்தேன். கரையேறிய மரத்தை இருவர் முன்னும் பின்னுமாகப் பிடித்து மணலில் இழுத்து நிறுத்தி, வலையை உதறி எடுத்துவிட்டு, உடனே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். ஆணி ஒன்றுகூட இல்லை. நடுமரம் சற்றே தாழ்ந்தும் பக்கத்து மரங்கள் உயர்ந்தும் இருக்க, முனைகள் மூக்குப்போல் மேல்நோக்கி வளைந்து செதுக்கப்பட்டிருந்தன. கட்டு விட்டதும் மரங்கள் தனித்தனியே சரிந்து மணலில் கிடந்தன. எதற்காக அவிழ்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர், உப்பேறிய கயிற்றைச் சுருட்டியபடியே, “ஊறின மரம் கனத்துப் போவும் ஐயா. அவுத்துப் போட்டாத்தான் காயும், காஞ்சாத்தான் மெதக்கும்” என்றார். மரம் என்றே சொன்னாரொழியக் கட்டுமரம் என்று ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை. அலை புரட்டினாலும் மூழ்காது, ஏறிய தண்ணீர் இடுக்குகள் வழியே தானாக வடிந்துவிடும், துறைமுகமில்லாத மணற்கரையிலும் இறங்கலாம், ஏறலாம். சோழமண்டலக் கரையின் ஓயாத அலைக்கு இதைவிடப் பொருத்தமான கலத்தை மனிதன் சிருஷ்டிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். சென்னை மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920இல் விரிவாக ஆராய்ந்து எழுதியபோது இதற்கு உரிய மரியாதையைக் கொடுத்தார். 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப் பிறகு, நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தன. அன்று நான் கண்டதுபோல் அவிழ்த்துக் காயும் மரங்களை இன்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கடற்கரைக் கதை. கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கு இதில் என்ன பாத்தியதை என்று வாசகர் கேட்கலாம். கேட்பவரைக் காரை கிராமத்துக்கு அப்பால் உள்ள செம்மண் ஓடைகளுக்கு அழைத்துப் போவதே நல்ல பதில். மழை அரித்து அரித்துப் பாளம் பாளமாகப் பிளந்து நிற்கும் அந்த மேடுகளில், புல் முளைக்காத இடத்திலெல்லாம் சிப்பியும் சுருண்ட கூடும் கிடக்கும். இந்தியத் துணைக்கண்டம் தென்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்த பிறகு, ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் இங்கே சமுத்திரம் அலையடித்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அந்தக் கடற்படிவங்களை மூன்று தொகுதிகளாகப் பிளான்ஃபோர்டு 1862இல் வகுத்தார். அவற்றின் சிப்பிகளையும் நத்தைகளையும் பவளங்களையும் ஸ்டோலிச்கா என்பவர் பல ஆண்டுகள் அமர்ந்து ஒவ்வொன்றாக வருணித்துப் பெருநூல்களாக வெளியிட்டார். கல்லக்குடிச் சுரங்கத்தில் வெட்டியெடுப்பது பழைய பவளப் பாறை. கல்லங்குறிச்சியில் வெட்டுவது சிப்பி மண்டிய படுகை. இன்று தமிழ்நாட்டில் எழும் மாடிவீடுகள் பலவற்றின் சிமெண்டில், யாரும் காலார நடக்காத அந்தக் கடற்கரை கரைந்திருக்கிறது.

சாத்தனூரில் ஒரு மரம் கிடக்கிறது. புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்து சொன்ன அம்மரம், 18 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ளது, முழுவதும் கல்லாய்ச் சமைந்தது. 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏதோ ஒரு கரையில் வேரற்று விழுந்து, வெள்ளத்தில் இழுபட்டு, கடலில் மிதந்து, ஊறிக் கனத்து, ஆழத்து மணலில் அமிழ்ந்த மரம். இந்தச் சீமையின் முதல் கடற்பிரயாணி அதுதான். தரங்கம்பாடிப் பெரியவர் சொன்னதை அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன். அதை அவிழ்த்துக் காயவைக்க யாரும் இல்லை, கட்டவும் யாரும் இல்லை.

பிறகு மனிதன் வந்தான், ஊர்கள் வந்தன, அரசு வந்தது. கடலிலிருந்து இவ்வளவு விலகிய ஓரிடத்தில், கங்கைகொண்ட சோழபுரம் என்று தலைநகர் அமைத்த முதலாம் இராசேந்திரன், 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடற்படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் பணியவைத்தான். வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும் அவன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரமும் ஒன்று. அதுவே இன்றைய நிக்கோபார். சோழர் படை கட்டுமரங்களில் ஏறியே கடாரம் போயிற்று என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. கால் நனையாமல் ஒருவனைக்கூடச் சுமக்காத மரத்தில் சேனையையும் தானியத்தையும் ஏற்றி வங்கக் கடலைத் தாண்டினார்கள் என்பதை நான் ஏற்பதற்கில்லை. போனவை பெருமரக்கலங்கள், அவை நாகப்பட்டினம் போன்ற துறைகளுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபோது, கரைக்கும் கலத்துக்கும் இடையே ஓடியவை கட்டுமரங்களாக இருந்திருக்கக்கூடும், அவ்வளவே. தலைநகரத்து மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகள், அந்தக் கடல்வழி அரண்மனை அடுக்களை வரையில் வந்ததைச் சொல்கின்றன.

அந்த நகரின் பின்கதையும் நீரோடுதான் முடிகிறது. 1836இல் சர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையைக் கட்டியபோது, கங்கைகொண்ட சோழேச்சரத்தின் மதிற்கற்களையும் கோபுரக் கற்களையும் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே போட்டார்கள். கடல் கடந்தவன் எழுப்பிய கல், ஆற்றைத் தடுக்கப் போயிற்று; ஓடத்தை நம்பிக் கும்பகோணத்துக்குப் போய்வந்த வடகரையார், அதன்மேல் நடந்து போகலானார்கள்.

அரியலூர்ப் பக்கத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அரியலூரிலே சடகோபையங்காரிடம் தமிழ் கற்று, குன்னத்திலும் பால்ய காலத்தைக் கழித்த உ.வே. சாமிநாதையர், 1898இல் மணிமேகலையை அச்சிட்டு உலகுக்கு அளித்தார். தமிழில் தீவும் கடற்கரையும் கதைக்குக் களமாய் அமைந்த காவியம் அது. மணிமேகலை மணிபல்லவத் தீவின் மணற்கரையில் விழித்தெழுகிறாள். சாதுவன் என்னும் வணிகன் கலம் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டே ஆடையற்ற நாகர் வாழும் மலையோரத்தில் கரையேறுகிறான். அந்த நாகர் இருப்பிடம் நக்கவாரமே என்று கருதுவாரும் உளர். சாதுவனைக் காப்பாற்றியதும் ஒற்றை மரந்தான்.

தேநீர்க்கடைச் சுவரொட்டியின் யாத்திரைக்கு இப்போது வருவோம். போர்ட் பிளேர் என்றிருந்த ஊர்ப்பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மத்திய சர்க்கார் மாற்றியது. சோழர் கடற்படைக்கு அத்தீவுகள் தளமாக இருந்ததையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். வென்றவன் தலைநகரிலிருந்து புறப்படும் பிரயாணி, தோற்றவன் நாட்டின் பெயரை நினைவூட்டும் ஊரில் போய் இறங்குகிறான் என்பது சரித்திரத்தின் குறும்பு. அங்கிருந்து காலையில் இரட்டை உடற் கலத்தில் ஏறினால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக, ஹேவ்லாக் என்று முன்பு வழங்கிய ஸ்வராஜ் தீவை அடையலாம். கண்ணாடிச் சன்னல் திறக்காது. உப்புக்காற்று உள்ளே வராது. கால் நனைவது ராதாநகர்க் கடற்கரையில் இறங்கி நடந்த பிறகுதான். மாலையில் திரும்பிவிடலாம். நக்கவாரத்துக்கோ விருப்பம்போல் போய்விட முடியாது. ஆதிகுடிகளின் நலங்கருதி அனுமதிச்சீட்டு இல்லாதவரை அங்கே விடுவதில்லை.

சென்ற தை மாதம், காரைக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த அறுபது வயது அம்மாள் ஒருவர், தம் மகன் செலவில் அந்தமான் போய்வந்திருந்தார். வாசலில் சின்ன வெங்காயத்துக்கு வால் நறுக்கிக்கொண்டே கதை சொன்னார். கலத்தில் ஏறியதும் குமட்டியது, மணல் மாவுபோல் இருந்தது, தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்லத் தெரியவில்லை என்று அடுக்கியவர், பேரனுக்காகக் கரையில் பொறுக்கி முந்தானையில் முடிந்துவைத்த சிப்பியையும் பவளத் துண்டையும், எடுத்துப் போகக்கூடாதென்று விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டதையும் சொன்னார். வருத்தமா அம்மா என்று கேட்டேன். அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமலே கிழக்கே தலையைச் சாய்த்துக் காட்டினார்.

“போனாப் போவுதுங்க. நம்ம கொல்லையில கெடக்காத சிப்பியா?”