226ஆம் இடத்துப் பிறழ்வும் சிக்குன்குனியாவின் வழித்தடமும்

சிக்குன்குனியா வைரஸ் பரவிய கதையில் ஒரு பிறழ்வு அடிக்கடி தலைகாட்டுகிறது: இ1 உறைப்புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனின் என்னும் அமினோ அமிலம் போய் வேலின் வந்தமர்வது. இதையே வைரஸ் வந்த வழிக்கு அடையாளமாகக் கொள்ளும் போக்கு உண்டு. அது பிழை என்பதே என் வாதம். வைரஸுக்கு மிகவும் பயன்படும் பிறழ்வுதான் அதன் பூர்விகத்தைச் சொல்ல மிகவும் தகுதியற்றது.

இவ்வைரஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 11,800 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ. படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஆகவே ஆண்டுதோறும் சில எழுத்துகள் மாறி நிலைத்துவிடுகின்றன. அவற்றுள் பல வைரஸுக்கு நன்மையோ தீமையோ செய்யாதவை. ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் அறிந்த நெறிதான் இங்கும். இரண்டு சுவடிகளில் ஒரே விசித்திரப் பிழை இருந்தால் இரண்டும் ஒரு தாய்ச்சுவடியின் பிள்ளைகள் எனலாம். ரகரத்தைக் காலாகப் படித்த பிழையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எந்த எழுத்தரும் தனியாகவே அதைச் செய்திருப்பார். 226ஆம் இடத்து மாற்றம் இந்த இரண்டாம் வகை.

2004இல் கென்யாவின் லாமுவில் கிளம்பிய நோய், கொமொரோஸ் வழியே 2005இல் ரியூனியன் தீவை எட்டியது. இந்நோயை வழக்கமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு அங்கே அரிது. மலிந்திருந்தது ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசு. தொடக்க மாதிரிகளில் அலனின் இருந்தது. சில மாதங்களில் வேலின் கொண்ட வைரஸே மேலோங்கிவிட்டது. எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்களில் ஏறத்தாழ 2,66,000 பேர் நோயுற்றனர். 2007இல் ஆய்வாளர் செட்சார்கின் குழுவினர் காரணத்தைக் காட்டினர்: வேலின் இருந்தால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வைரஸே புலிக்கொசுவைத் தொற்றப் போதும். எஜிப்தியில் இந்த ஆதாயம் இல்லை.

இந்தியாவில் 2006இல் பரவிய வைரஸில் இருந்தது அலனின்தான். மறு ஆண்டு கேரளத்தில் வேலின் தோன்றியது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, புலிக்கொசு பெருகும் நிலம் அது. ரியூனியனிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மரபணுத்தொகுதியின் மற்ற எழுத்துகள் முந்தைய ஆண்டின் இந்திய வைரஸோடு பொருந்தின. அதே 2007இல் காபோனில், மத்திய ஆப்பிரிக்கக் கிளையிலும் இதே மாற்றம். புலிக்கொசு எங்கே முதன்மையானதோ அங்கே வைரஸ் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டடைந்திருக்கிறது. அவ்வாண்டுக் கோடையில் இத்தாலியின் ரவென்னா மாகாணத்தில் இருநூறு பேரளவில் நோயுற்றபோது கிடைத்த வைரஸிலும் வேலின். அதைக் கேரளத்தோடு இணைத்தவை பயணியின் வரலாறும் பிற எழுத்துகளுமே. வேலின் ஒன்றை மட்டும் வைத்து ரியூனியன், கேரளம், காபோன் மூன்றில் எதை வேண்டுமானாலும் சுட்டியிருக்கலாம்.

இங்கே ஒரு தடை எழும். மாற்றம் இவ்வளவு எளிதென்றால், புலிக்கொசுவின் தாயகமான ஆசியாவில் பல பத்தாண்டுகள் உலவிய ஆசிய வகை வைரஸில் அது ஏன் நிலைக்கவில்லை? இதற்கு 2011இல் விடை வந்தது. ஆசிய வகையில் இ1 புரதத்தின் 98ஆம் இடத்தில் திரியோனின் இருக்கிறது. அது இருக்கும்வரை 226இல் வேலின் வந்தும் பயனில்லை. 1963இல் கொல்கத்தாவையும் 1964இல் சென்னையையும் வாட்டியது இந்த ஆசிய வகைதான். நாற்பதாண்டு கழித்து நம் ஊர்களில் மூட்டுகளை முடக்கியது அதன் வழித்தோன்றல் அன்று. ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக வந்த, அந்தத் திரியோனின் இல்லாத வேறு வகை. ஆக, தடை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது: ஓர் எழுத்தின் பொருளை அதன் சுற்றம் தீர்மானிக்கிறது.

செலவைக் குறைக்க இ1 மரபணுவின் ஒரு துண்டை மட்டும் வரிசைப்படுத்தும் வழக்கம் இன்னும் மறையவில்லை. வைரஸ் எந்த வகை, எந்தக் கொசுவுக்கு ஏற்றது என்று அறிய அது உதவும். அதைக் கொண்டு வழித்தடம் வரைவதைத்தான் ஏற்க முடியவில்லை. 2024 ஆகஸ்டில் ரியூனியனில் நோய் மறுபடியும் தலைதூக்கியது. 226இல் மறுபடியும் வேலின். துண்டை மட்டும் பார்த்திருந்தால் பழைய வைரஸே திரும்பியது என்று எழுதியிருப்பார்கள். முழு வரிசையோ அதை 2005இன் கிளையில் சேர்க்கவில்லை. மத்திய ஆப்பிரிக்காவோடு இணைந்த வேறொரு கிளையில் சேர்த்தது.