அமர்வுக்குப் பின்னரே கடிவாளம்

குதிரையேற்றம் கற்க வரும் புதியவரிடம் முதல் நாளே கடிவாளத்தைக் கொடுப்பதா, அவரது உடல் குதிரையின் அசைவுக்குப் பழகும்வரை அதனைத் தராதிருப்பதா என்னும் கேள்வி ஐரோப்பியக் குதிரையேற்றக் கல்வியில் நெடுங்காலம் தொடர்ந்து வந்துள்ளது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகளைக் கொண்டே, ஒவ்வொரு காலத்தவரும் குதிரையின் வலியை எந்த அளவுக்கு மதித்தனர் என்பதை அறியலாம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்சைச் சேர்ந்த செனபோன் எழுதிய குதிரையேற்ற நூல், இத்துறையில் முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகும். அக்காலக் கிரேக்கர் மரச்சட்டம் பொருத்திய சேணத்தையும், பாதத்தை ஊன்றிக்கொள்ள உதவும் வளையமாகிய அங்கவடியையும் அறியாமல், வெற்று முதுகிலோ விரிப்பின் மீதோ அமர்ந்து சென்றனர். ஆகையால், நாற்காலியில் அமர்பவரைப்போல் அல்லாமல், கால்களை அகற்றி நிமிர்ந்து நிற்பவரைப்போல் உடலை வைத்து, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும் என்று செனபோன் கூறியது அனுபவத்தில் விளைந்த விதியாகும். சினத்தோடு குதிரையை நெருங்கக் கூடாது என்றும் அவர் வற்புறுத்தினார்.

இந்த மென்மை பின்னாளில் மங்கியது. 1550இல் நேப்பிள்சில் வெளிவந்த ஃபெதெரிகோ கிரிசோனேயின் நூல் ஐரோப்பா முழுவதும் பரவிப் பெரும் செல்வாக்குப் பெற்றது எனினும், அடங்காத குதிரைக்கு அது பரிந்துரைத்த தண்டனைகள் இன்று படிப்போரை நடுங்கச் செய்யும். நேப்பிள்சில் பயின்றவரும், பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்தவருமான அந்துவான் த புளுவினெல், அவ்வழியை விடுத்துப் பொறுமையையும் பாராட்டையும் முன்வைத்தார். அடுத்த நூற்றாண்டில் பிரான்சுவா ரொபிஷோன் த லா கெரினியேர், 1733இல் வெளியான தமது நூலில், உடலின் சமநிலையே அமர்வுக்கு அடிப்படை என்று விளக்கி, தொடக்க மாணவர் அங்கவடியின்றித் துள்ளுநடையில், அதாவது வழக்கில் ட்ராட் எனப்படும் நடையில், நெடுநாள் பழக வேண்டும் என்றார்.

இக்கொள்கை இன்றளவும் உயிரோடு இருக்கும் இடம் வியன்னாவிலுள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி. ஸ்பெயினிலிருந்து வந்த குதிரை இனத்தால் இப்பெயர் பெற்ற இப்பள்ளி, 1572ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்றுள்ளது. பேரரசர் ஆறாம் சார்லசின் ஆணைப்படி எழுந்த அதன் வெண்ணிறப் பயிற்சி மண்டபம் 1735இல் நிறைவடைந்தது. இங்கு சேரும் மாணவர், ஆசிரியர் நடுவில் நின்று பிடித்திருக்கும் நீண்ட வாரில் கட்டப்பட்டு வட்டமாகச் செல்லும் குதிரையின் மீது, அங்கவடியும் கடிவாளமும் இன்றிப் பல மாதங்கள் அமர்ந்து பழகுகிறார். அவருக்குத் தரப்படுவதும் முழுப் பயிற்சி பெற்ற மூத்த குதிரையே ஆதலால், மாணவருக்கு அக்குதிரையும் ஓர் ஆசிரியராகிறது.

இத்தகைய கடுமைக்குத் தக்க காரணம் உண்டு. கடிவாளத்தின் இரும்புத்துண்டு, குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறின் மேல் அமைகிறது. அங்கே எலும்பை மூடியிருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. நிலை தடுமாறும் புதியவர் தம்மை அறியாமல் கடிவாள வாரைப் பற்றித் தொங்கும்போது, அவரது எடையெல்லாம் அந்த ஈறின் மேல் விழ, வலி தாங்காத குதிரை தலையை உயர்த்தி முதுகை விறைப்பாக்கிக்கொள்கிறது. முதுகு விறைக்கவே துள்ளல் மிகுந்து, மேலிருப்பவர் இன்னும் தடுமாறி, வாரை இன்னும் இறுகப் பற்றுகிறார். இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே தடுப்பதற்கு, கையின் துணையின்றி உடலை நிறுத்தக் கற்பிப்பதைவிட மேலான வழி இதுவரை கண்டறியப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ கப்ரில்லி (1868–1907) அமர்வின் வடிவத்தையே மாற்றினார். தடைகளைத் தாண்டும்போது பின்னோக்கிச் சாய்ந்து வாரை இழுத்த பழைய வழக்கத்தை விலக்கி, அங்கவடியைக் குட்டையாக்கி, உடலை முன்சாய்த்து, குதிரையின் கழுத்து தடையின்றி நீளுமாறு கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். வியன்னாவின் நிமிர்ந்த அமர்வுக்கும் இதற்கும் தோற்றத்தில் பெரும் வேறுபாடு இருப்பினும், குதிரையின் வாயைக் காப்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

வியன்னாப் பள்ளியோ தன் பாடமுறையைப் பெரிதும் மாற்றவில்லை. மாறியது, அங்கே கற்கும் உரிமை யாருக்கு என்பதே. நூற்றாண்டுகளாக ஆண்களை மட்டுமே பயிற்சிக்கு ஏற்ற அப்பள்ளி, 2008இல் முதன்முறையாகப் பெண்களையும் மாணவராகச் சேர்த்துக்கொண்டது.