பிறர் களத்தில் ஆடுவோர்
கணினி விளையாட்டுத் தொழிலும் அதன் பின்வாழ்வும் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எஹலியகொடவைக் கடப்போர் இறப்பர்த் தோட்டங்களையும், இடையிடையே தேயிலைச் சரிவுகளையும், வயலோரத்து மாணிக்கக் குழிகளையும் காண்பர். 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையும் இவ்வூர் வழியாகவே சென்றது. எழுபதுகளில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. பாதையை அமைத்தோரும் ஊரவரல்லர். அதனை மூடியோரும் ஊரவரல்லர். அதை நம்பித் தொழில் வகுத்துக்கொண்டோர் மட்டுமே ஊரவராயிருந்தனர்.

இப்பகுதித் தோட்டத்து லயன்களில் வாழும் இளைஞர் பலரின் கையில் இன்று கைத்தொலைபேசி உண்டு. அதில் விளையாடித் தேர்ந்த ஒருவன், “இதனையே தொழிலாகக் கொள்ளலாகாதா?” என வினவுவதும், “கண்ணும் கெடும், காலமும் போகும்” எனப் பெரியோர் கடிவதும் நாம் அறிந்தனவே. இரு கூற்றிலும் உண்மை உண்டு; எனினும் இரண்டும் முழுமையுடையன அல்ல. இவ்விளையாட்டு தொழிலாகுமா என்பது இன்று வினாவன்று. அது தொழிலாகிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அத்தொழிலில் ஈடுபட்டோர் ஆடி ஓய்ந்தபின் யாதாயினர், எதனைக் கைக்கொண்டு வெளியேறினர் என்பதே நாம் ஆராயத்தக்க வினாவாகும். அதனை மூன்று வரலாறுகளின் துணைகொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் தோன்றிய களம்

கணினி விளையாட்டு முறையான தொழிலாக முதன்முதல் வேரூன்றிய நாடு தென் கொரியா எனலாம். 1997ஆம் ஆண்டு ஏற்பட்ட நிதி நெருக்கடியால் அந்நாட்டிற் பலர் வேலையிழந்தனர். அவ்வாறு வேலையிழந்தோர் சிலர் சிறு முதலீட்டில் ‘பிசி பாங்’ எனப்படும் கணினி அறைகளைத் திறந்தனர். ‘பாங்’ என்னும் கொரியச் சொல் அறை எனப் பொருள்படும். மணிக்கணக்கிற் கட்டணம் செலுத்தி விளையாடும் இவ்வறைகளில் இளைஞர் நிரம்பினர். 1998இல் அமெரிக்க நிறுவனமாகிய பிளிசார்ட் வெளியிட்ட ‘ஸ்டார்கிராப்ட்’ என்னும் போர்த்தந்திர விளையாட்டு அவ்வறைகளை ஆட்கொண்டது. 2000ஆம் ஆண்டில் வீரர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்துவதற்கெனக் கொரிய மின் விளையாட்டுச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் இவ்விளையாட்டுகளை மட்டுமே ஒளிபரப்பும் தொலைக்காட்சி அலைவரிசையும் தோன்றியது. 2004இல் பூசான் நகரக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டியைக் காண ஓர் இலட்சம் பேர் திரண்டதாகக் கூறப்பட்டது.

இக்காலத்தின் தலைமகனாகக் கருதத்தக்கவர், ‘பொக்சர்’ என்னும் புனைபெயரில் ஆடிய லிம் யோ-ஹ்வான் ஆவார். 1980இற் பிறந்த அவர் 2001, 2002 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகக் கணினி விளையாட்டுப் போட்டியில் வாகை சூடினார். 2004இல் அவரது அணியை எஸ்.கே. டெலிகொம் நிறுவனம் தனதாக்கிக்கொண்டது. தெருவோர அறையில் தொடங்கிய ஆட்டம் பெருநிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஏறிய நிகழ்ச்சி அது.

இத்தொழிலின் உழைப்பு எத்தகையது என்பதை ஈண்டு கூறுதல் வேண்டும். முன்னணி வீரர் ஒருவர் நிமிடமொன்றுக்கு முந்நூறு முறைக்கு மேல் விசைப்பலகையையும் சுட்டியையும் இயக்குவார். அணியினர் ஒரே இல்லத்தில் தங்கி, நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேலும் பயின்றனர். பேர் பெற்றோர் சிலருக்கே பெருஞ் சம்பளம் வாய்த்தது. அவர்களுக்குப் பயிற்சித் துணையாக ஆடிய இளையோர் பெற்றது சொற்பமே. மணிக்கட்டும் கழுத்தும் நோவதுடன், இருபத்தைந்தைக் கடந்ததும் கை வேகம் தளர்கிறதென்னும் அச்சமும் அவர்களைப் பற்றியது. நம் பகுதியார்க்கு இதனை விளக்க இறப்பர் மரத்தைச் சுட்டினாலே போதும். நட்ட ஆறேழு ஆண்டுகளில் பால்வெட்டுக்கு வரும் மரம் முறையாக வெட்டினால் இருபத்தைந்து ஆண்டளவு பயன் தரும். அளவு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். வீரனின் விரலும் அவ்வாறே. ஆயின் மரத்துக்கு வெட்டு நாளும் ஓய்வு நாளும் வகுத்த அறிவு, அத்தொழிலின் தொடக்க காலத்தில் வீரனுக்கு வகுக்கப்படவில்லை.

கொரிய இளைஞனுக்குக் கட்டாய இராணுவ சேவை மற்றொரு தடையாயிற்று. லிம் 2006இற் படையிற் சேர்ந்தார். அந்நாட்டு விமானப்படை ‘ஏஸ்’ என்னும் பெயரில் விளையாட்டு அணியொன்றை அமைத்து, அவர் போன்றோர் சேவைக் காலத்திலும் ஆடுவதற்கு வழி செய்தது. 2008இல் விடுவிக்கப்பட்டு மீண்ட அவர், 2010இல் ஸ்டார்கிராப்டின் இரண்டாம் பதிப்புக்கு மாறித் தமக்கென ஓர் அணியையும் நிறுவினார். பின்னர்ப் பழைய அணிக்கே பயிற்றுநராகச் சென்று, 2013இல் உடல்நலம் கருதி அப்பொறுப்பினின்று விலகினார். அதன்பின் சீட்டாட்ட வகையாகிய போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கினார்.

இவ்வாழ்க்கையைத் தோல்வி என்பது பொருந்தாது. எனினும் அவர் தம் விருப்பினால் மட்டும் விளையாட்டை மாற்றிக்கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2007 தொடக்கம் 2011 வரை, விளையாட்டின் உரிமையாளராகிய பிளிசார்டும் கொரியச் சங்கமும் ஒளிபரப்பு உரிமை குறித்துப் பிணங்கின. 2010இல் பந்தயக்காரருக்குத் துணைபோய் ஆட்டங்களை விற்றமைக்காகப் பதினொரு வீரர் வாழ்நாள் தடை பெற்றனர். 2012இற் பழைய விளையாட்டின் அணித்தொடர் முடிவுற்றது. பத்தாண்டு உழைத்துத் தேர்ந்த திறமை, அதற்குரிய களம் அகற்றப்பட்டதும் செல்லாக் காசாகும் நிலை நேர்ந்தது. உதைபந்தாட்டத்துக்கோ கிளித்தட்டுக்கோ இவ்வாறு நேர்வதில்லை. அவற்றுக்கு உரிமையாளர் எவருமில்லை.

ஒரே நாளில் மறைந்த களம்

இவ்வுண்மை நம் அயல்நாடாகிய இந்தியாவில் மேலும் தெளிவுற வெளிப்பட்டது. மும்பையைச் சேர்ந்த நமன் மாத்தூர், ‘மோர்டல்’ என்னும் பெயரில் ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டில் தேர்ந்தவர். 1996இற் பிறந்த இவர் இடம்பெற்ற ‘சோல்’ அணி, 2019இல் ஐதராபாத்தில் நடந்த இந்தியத் தொடரில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டில் பேர்லின் நகரில் நிகழ்ந்த உலக இறுதிப் போட்டியிலும் பங்குபற்றியது. விலையுயர்ந்த கணினி வேண்டாமல் கைத்தொலைபேசியே போதுமென்பதால், சிற்றூர் இளைஞரும் இவ்விளையாட்டில் நுழைந்தனர்.

2020 செப்டெம்பர் 2ஆம் நாள், எல்லைப் பிணக்கின் பின்னணியில், இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. சீன நிறுவனமாகிய டென்சென்ட் வெளியிட்ட பப்ஜி மொபைலும் அவற்றுள் ஒன்று. முதல் நாள் வரை வீரராயிருந்தோர் மறுநாள் களமற்றோராயினர். 2021 ஜூலையில் அவ்விளையாட்டு வேறு பெயருடன் மீண்டது; 2022 ஜூலையில் மறுபடியும் அகற்றப்பட்டது; 2023 மே மாதத்தில் திரும்பவும் வந்தது. எல்லையிலோ அலுவலகத்திலோ எடுக்கப்பட்ட முடிவுகளில் வீரர் எவரும் கலந்தாலோசிக்கப்படவில்லை.

மாத்தூர் இவ்விடரினின்று தப்பியமைக்குக் காரணம் அவரது விரல் வேகம் அன்று. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் தம் ஆட்டத்தை மக்களுக்கு நேரலையாகக் காட்டி, பேசி, நகைத்து, இலட்சக்கணக்கானோரின் நன்மதிப்பை ஈட்டியிருந்தார். ஒரு விளையாட்டு மறைந்தபோதும் அவரைக் காண வந்தோர் மறையவில்லை. நண்பர் சிலருடன் இணைந்து நிறுவனமொன்றின் பங்காளராகி, படிப்படியாகப் போட்டிக் களத்தினின்று ஒதுங்கி, இளைய வீரரை ஆதரிப்போர் வரிசையில் அமர்ந்தார். ஆனால் அவருக்கு வாய்த்தது அவ்வாண்டிற் களமிழந்த எல்லார்க்கும் வாய்த்ததன்று. புகழ்பெற்ற ஒருவரின் வாழ்வைக் கொண்டு தொழில் முழுவதையும் மதிப்பிடல் ஆய்வு நெறியாகாது.

2022 டிசம்பரில் இந்திய அரசு இதனைப் பல்துறை விளையாட்டு விழாக்களுக்குரிய போட்டியாக விளையாட்டு அமைச்சின் கீழ்க் கொணர்ந்தது. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் பணம் வைத்தாடும் நிகழ்நிலை ஆட்டங்களைத் தடுத்து, போட்டி விளையாட்டை அவற்றினின்று வேறுபடுத்தியது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் கணினி விளையாட்டுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. கொரியாவுக்கு இத்துறையில் முதற் பொற்பதக்கம் ஈட்டிய கிம் குவான்-வூ அப்போது நாற்பத்து நான்கு வயதினர். இருபத்தைந்தோடு யாவும் முடிந்தது என்னும் கூற்றுக்கு அவர் தக்க மறுப்பாவார். அவ்விழாவிற் பொன் வென்ற கொரியர்க்கு இராணுவ சேவையினின்று விலக்கும் கிடைத்தது. 2006இல் லிம் பெறாத சலுகை அது.

உரிமையாளரற்ற பலகை

இனி, தமிழகத்து வரலாறொன்றை ஒப்புநோக்குவோம். மனுவேல் ஆரோன் 1935இற் பர்மாவின் டவுங்கூ நகரிற் பிறந்து, தமிழகத்தில் வளர்ந்தவர். 1961இல் சதுரங்கத்தில் அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே; சதுரங்கத்துக்காக அருச்சுனா விருது பெற்ற முதல்வரும் அவரே. 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது முறை தேசிய வாகையரானார். 1962இல் ஸ்டொக்கோமில் நடந்த மண்டல இடைப்போட்டியில் இறுதி இடமே பெற்றாராயினும், உலகின் முன்னணியினராகிய போர்ட்டிஷ், ஊல்மான் ஆகிய இருவரையும் வென்றார்.

அக்காலத்து இந்தியாவிற் சதுரங்கம் சோறு போடும் தொழிலன்று. ஆரோனுக்குப் பெருநிறுவனச் சம்பளமோ கடற்கரையிற் கூடிய கூட்டமோ இருந்ததில்லை. ஆயினும் 1972இல் சென்னைச் சோவியத்துப் பண்பாட்டு நிலையத்தில், உலக வாகையர் தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் எழுவதற்கு அவர் காரணரானார். அன்னையிடம் காய் நகர்த்தக் கற்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அக்கழகத்திற்கு ஆடச் சென்றான். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டராகிய அவர், பின்னர் உலக வாகையருமானார். 2024 டிசம்பரிற் சிங்கப்பூரிற் பதினெட்டு வயதில் உலக வாகையரான குகேஷ், ஆனந்தின் வழிகாட்டலைப் பெற்றவர். ஆரோனோ ஆட்டத்தின் பின் எழுத்தாளராகவும் திகழ்ந்து, இந்தியச் சதுரங்க வரலாற்றை நூலாக்கியோருள் ஒருவரானார்.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. அக்கழகம் நடந்த அறையும் பிறர்க்கு உரியதே. 1991இற் சோவியத்து நாடே கலைந்தது. எனினும் அவ்வறையிற் கற்றோரின் கல்வி கலையவில்லை. ஏனெனில் அறை பிறருடையதாயினும் ஆட்டம் எவருடையதுமன்று. கற்பித்தவனிடமிருந்து கற்றவனுக்குச் சென்ற அறிவை எந்நிறுவனமும் மீளப் பெற இயலாது.

இதற்கிணையான செய்தி கொரியாவிலும் உண்டு. அணித்தொடர் நின்றபின் ஓய்வுபெற்ற பழைய ஸ்டார்கிராப்ட் வீரர் பலர், தாமே நேரலையில் ஆடிக் காட்டிச் சுவைஞரைத் திரட்டினர். 2016இல் அதற்கெனப் புதிய தொடரொன்று தோன்றியது. மறுவருடம் உரிமையாளரே அவ்விளையாட்டைப் புதுக்கி வெளியிட்டார். களத்தை இழந்தோர் ஒருங்கு நின்றமையால் களம் மீண்டது எனலாம்.

முடிவுரை

பிறர் நிலத்தில் உழைப்பதன் பொருளை எஹலியகொடத் தோட்டத்தார்க்குப் புதிதாகக் கற்பித்தல் வேண்டா. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்குரியனவாயின. 1992இல் பல தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடையவர் மாறினர், லயன் அறை தொழிலோடு பிணைந்தே இருந்தது. வேலை போயின் வீடும் போகும் என்னும் அச்சத்தோடு வாழ்ந்த தலைமுறைகள் தம் மக்களுக்கு விட்டுச்செல்ல முடிந்தது கல்வி ஒன்றே. எழுபதுகளில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகள் அரசின் கீழ் வந்தபின், அக்கல்வி பெற்றோர் ஆசிரியராயினர். அவர் கற்பித்தோர் பல்கலைக்கழகம் புகுந்தனர்.

ஆகவே, கைத்தொலைபேசியில் விளையாடும் நம் இளைஞனை நாம் கடிய வேண்டுவதில்லை. அவனை ஏமாற்றவும் வேண்டுவதில்லை. அவன் ஆடும் களம் எங்கோ ஒரு நகரிலுள்ள நிறுவனத்தின் உடைமை என்பதையும், அது ஒரே நாளில் மூடப்படக்கூடும் என்பதையும் அவனுக்கு உரைத்தல் நம் கடன். உடன் ஆடுவோரோடு சேர்ந்து நிற்கும் அமைப்பு, தான் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கும் ஆற்றல், இடையறாத பாடசாலைக் கல்வி ஆகிய மூன்றையுமே அவன் வெளியேறும்போது உடன் கொண்டுசெல்ல முடியும். லிம்மின் வாழ்வும் மாத்தூரின் வாழ்வும் ஆரோனின் வாழ்வும் வெவ்வேறு வகையில் இதனையே காட்டுகின்றன.

எஹலியகொடவில் நின்று போன புகையிரதத்தை நம்பியிருந்தோர் அது நின்றபின் வேறு வழி தேடினர். பாதை மூடப்படுமுன்னரே வேறு வழியை அறிந்து வைத்திருத்தல் நம் இளையோர்க்கு இன்றியமையாதது.