செயின்ட் லூயிஸ் வாடகை மறுப்புப் போராட்டம் (1969)

செயின்ட் லூயிஸ் வாடகை மறுப்புப் போராட்டம் என்பது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், பொதுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை மக்கள் 1969-இல் ஒன்பது மாதங்கள் நடத்திய போராட்டமாகும். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், பெண்கள் பலர் முன்னின்றனர்.

இவற்றுள் பெரியது புரூயிட்-ஐகோ. மினோரு யமசாகி வடிவமைத்த, பதினொரு தளங்கள் கொண்ட 33 கட்டடங்கள். செலவைக் குறைக்க, மின்தூக்கி 1, 4, 7, 10 ஆம் தளங்களில் மட்டுமே நின்றது. காய்கறிப் பையும் கைக்குழந்தையுமாக மற்றத் தளங்களுக்குப் படியேறியவர்களின் பாட்டை வரைபடம் போட்டவர்கள் எண்ணவில்லை போலும்!

கோளாறின் வேர் வேறு. கட்ட நடுவண் அரசு பணம் தந்தது. பராமரிப்புச் செலவையோ வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும். மக்கள் வெளியேற வெளியேற வருவாய் சுருங்கியது. பழுதுகள் அப்படியே கிடந்தன. வாடகை மட்டும் ஏறியது. வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே கொடுத்த குடும்பங்கள் உண்டு. ஆகவே வாடகை தர மறுத்தனர்.

இறுதியில் வாடகை குறைந்தது. நிருவாகத்திலும் குடியிருப்போருக்கு இடம் கிடைத்தது. செனட்டர் எட்வர்டு புரூக் கொண்டுவந்த சட்டத்திருத்தம், அதே ஆண்டில், நாடெங்கும் பொதுக் குடியிருப்பு வாடகைக்கு வருமானத்தில் 25 விழுக்காடு என உச்சவரம்பு விதித்தது. புரூயிட்-ஐகோவுக்கு அது காலங்கடந்த உதவி. 1972-இல் இடிக்கத் தொடங்கி, 1976-க்குள் முழுவதும் அகற்றினர்.