போக்கரில் கைமுதல் மேலாண்மை

போக்கர் ஆடுவதற்கென்றே ஒதுக்கி, வீட்டுச் செலவோடு கலக்காமல் வைத்திருக்கும் பணம் கைமுதல். ஆட்டக்காரர்கள் வாயில் புழங்குவது பேங்க்ரோல் என்ற சொல். இதில் எவ்வளவை ஒரு மேசையில் வைக்கலாம், எப்போது பெரிய மேசைக்கு ஏறலாம், எப்போது இறங்கியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் நெறி கைமுதல் மேலாண்மை எனப்படுகிறது. ஆடத் தெரியாதவருக்கு இந்த நெறியால் பெரிய பயன் இல்லை. அவருடைய பணம் சற்று மெதுவாகக் கரையும், அவ்வளவுதான்.

வரம்பற்ற டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் மேசையின் அளவைப் பெரிய பிளைண்ட் தொகையால் சொல்வது வழக்கம். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் பந்தயங்கள் சிறிய பிளைண்டும் பெரிய பிளைண்டும். ஒருவர் மேசைக்குக் கொண்டுவரும் முழுத்தொகை, அதாவது ஒரு பை-இன், பெரும்பாலும் 100 பெரிய பிளைண்ட். சிறிய பிளைண்ட் 25 சென்ட், பெரிய பிளைண்ட் 50 சென்ட் என்றுள்ள 25/50 சென்ட் மேசையில் அது 50 டாலர். 50 சென்ட்/1 டாலர் மேசையில் 100 டாலர். பண ஆட்டங்களுக்கு 20 முதல் 40 பை-இன் வரை கையில் இருக்க வேண்டும் என்பது பரவலான பழக்கம். பலர் கலந்துகொள்ளும் போட்டிகளில் பரிசின் பெரும்பகுதி முன்னணியில் வரும் சிலருக்கே போவதால், அங்கே 100 பை-இன்கூடப் போதாது என்பார்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒருவர் 100 ஆட்டங்களுக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் வெல்கிறார். முடிவுகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம், அதே 100 ஆட்டங்களுக்கு, 90 பெரிய பிளைண்ட் என்று கொள்வோம். 1,000 டாலரோடு 50 டாலர் மேசையில் அமர்ந்தால் அவரிடம் 20 பை-இன் இருக்கிறது. என்றாவது ஒருநாள் மொத்தமும் போய்விடும் வாய்ப்பு சுமார் 8.5 விழுக்காடு. அதே 1,000 டாலரோடு 100 டாலர் மேசைக்கு ஏறுகிறார். பை-இன் பத்தாகச் சுருங்கிவிட்டது. எதிரே இருப்பவர்களும் கெட்டிக்காரர்கள். வெற்றி விகிதம் 2.5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், திவால் வாய்ப்பு சுமார் 54 விழுக்காடு. மேசை ஒரு படிதான் ஏறியது, ஆபத்தோ ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பை-இன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, வெற்றி விகிதமும் குறையும் என்பதை மறப்பதுதான் மேசை ஏறுவோர் செய்யும் பெரிய தவறு.

மேலே சொன்ன கணக்கு, ஆட்டக்காரர் தோற்றாலும் அதே மேசையிலேயே உட்கார்ந்திருப்பார் என்ற அனுமானத்தில் போட்டது. இறங்கத் தயாராக இருப்பவருக்கு ஆபத்து வெகுவாகக் குறையும். 2,000 டாலர் சேர்ந்ததும் 100 டாலர் மேசைக்குப் போவது, 1,500-க்குச் சரிந்தால் மறுபேச்சில்லாமல் 50 டாலர் மேசைக்குத் திரும்புவது என்று வைத்துக்கொண்டால், அங்கே அவர் 30 பை-இன்னோடு வந்து அமர்கிறார். இப்படி அளந்து ஏறிப் பார்ப்பதற்கு 'ஷாட்' எடுப்பது என்று பெயர். ஏறும் விதியை எல்லோரும் விரும்பிக் கடைப்பிடிக்கிறார்கள். இறங்கும் விதியில்தான் மானப் பிரச்சினை வந்துவிடுகிறது. மாதச் சம்பளத்திலிருந்து கைமுதலை நிரப்பிக்கொள்ளக்கூடியவர் சற்றுத் தளர்வாக இருக்கலாம். வீட்டு வாடகையையே அதிலிருந்து கட்டும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கைமுதலின் ஒரு பங்கை மட்டுமே பணயம் வைப்பது என்ற எண்ணத்துக்குக் கணித அடித்தளம், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட கட்டுரை. அதைப் போக்கரில் கண்கூடாகக் காட்டியவர், 2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் ஃபெர்குசன். 2006இல் ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் ஒரு காசும் போடாமல், நுழைவுக் கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலர் சேர்த்துக் காட்டுவதாகச் சொன்னார். சேர்த்தும் காட்டினார். அதற்கு அவர் மூன்று விதிகள் வைத்துக்கொண்டார். பண ஆட்டத்தில் கைமுதலில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோவதில்லை. பல மேசைப் போட்டிகளில் 2 விழுக்காடு. மிகச் சிறிய தொகைகளுக்கு மட்டும் விலக்கு. மேசையில் உள்ள பணம் கைமுதலில் 10 விழுக்காட்டைத் தாண்டினால், பிளைண்ட் தன்னிடம் வரும்போது எழுந்துவிட வேண்டும். வென்றுகொண்டிருக்கும்போது எழச் சொல்லும் இந்தக் கடைசி விதிதான் மூன்றிலும் கடினமானது. முதல் சில டாலர்களைச் சேர்க்கவே அவருக்கு மாதக்கணக்கில் ஆனது.

கைமுதலைப் போட்டுவைக்கும் இடமும் கணக்கில் வர வேண்டும். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு முடக்கிய தளங்களுள் ஃபுல் டில்ட்டும் ஒன்று. ஆட்டக்காரர்களின் வைப்புப் பணம் தனியே காக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு பிறகு எழுந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014இல்தான். எத்தனை பை-இன் வைத்திருந்தும் முதலுக்கே மோசம் வரக்கூடிய வழி இது.

இன்னொரு வழி, மேசைக்கு வெளியே இருக்கும் ஓட்டைகள். ஸ்டூ அங்கர் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்றவர். சீட்டாட்டத்தில் அவருக்கு இணையானவர் அரிது. குதிரைப் பந்தயமும் விளையாட்டுப் பந்தயமும் போதைப்பொருளும் வென்றதையெல்லாம் கொண்டுபோயின. 1997 போட்டிக்கான 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்தையே நண்பர் ஒருவர்தான் கட்டினார். 10 லட்சம் டாலர் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் விடுதி அறை ஒன்றில் அங்கர் இறந்து கிடந்தபோது, இறுதிச் சடங்குக்கான பணத்தை நண்பர்கள் திரட்ட வேண்டியிருந்தது.