வீட்டுச் சலவையில் ஆற்றல் சிக்கனம்

வீட்டுச் சலவையில் ஆற்றல் சிக்கனம் என்பது, தூய்மை குறையாதபடி துணியைத் துவைக்கவும் அலசவும் பிழியவும் உலர்த்தவும் தேய்க்கவும் ஆகும் மின்சாரம், தண்ணீர், சலவைத்தூள் ஆகியவற்றின் செலவைக் குறைக்கும் முறைகளைக் குறிக்கும். இச்செலவு எந்தக் கட்டத்தில் மிகுகிறது என்பதை ஊரின் தட்பவெப்பமே தீர்மானிக்கிறது. குளிர்நாடுகளில் தண்ணீரைச் சூடாக்குவதிலும் துணியை இயந்திரத்தில் உலர்த்துவதிலும் மின்சாரத்தின் பெரும்பகுதி போய்விட, தமிழ்நாட்டில் அவ்விரு வேலைகளையும் மொட்டைமாடித் தொட்டியும் வெயிலும் விலையின்றிச் செய்துவிடுகின்றன. எனவே ஐரோப்பிய வீடுகளுக்கென எழுந்த அறிவுரைகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்குள்ள விரயம் வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவன வேதியியலாளர் ஹெர்பெர்ட் சின்னர் 1959-ல் வகுத்த விளக்கத்தின்படி, எந்தச் சலவையும் வேதிப்பொருள், இயக்கம் (கசக்குதல், அடித்தல், உருட்டுதல் முதலியன), வெப்பம், நேரம் ஆகிய நான்கின் கூட்டால் நிகழ்கிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றுள் ஒன்றைக் கூட்டி ஈடுசெய்ய வேண்டும். சின்னர் வட்டம் எனப்படும் இவ்விளக்கத்தைச் செலவுக் கணக்காகப் படித்தால், நான்கிலும் விலை மிகுந்தது வெப்பம் என்பதும், விலையே இல்லாதது நேரம் என்பதும் தெளிவாகும். துணியைச் சோப்புநீரில் ஊறவைத்துப் பிறகு துவைக்கும் பழக்கம் வெப்பத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலவிடுவதே. உவர்மண்ணின் காரத்தில் தோய்த்த துணிகளை அடுக்கி நீராவியில் வேகவைக்கும் வெள்ளாவி முறையிலும் விறகே பெரிய செலவு. ஆனால் பல வீட்டுத் துணி ஒரே வெள்ளாவியில் ஏறியதால் அச்செலவு பலருக்குப் பகிரப்பட்டது.

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்த 1.16 வாட் மணி ஆற்றல் வேண்டும். முன்புறம் திறக்கும் சலவை இயந்திரம் துவைக்கும் கட்டத்தில் 15 லிட்டர் தண்ணீர் எடுப்பதாகக் கொண்டால், 28 பாகையில் வரும் அத்தண்ணீரை 60 பாகைக்கு ஏற்றத் துணியும் உருளையும் உறிஞ்சும் வெப்பம் நீங்கலாகவே 0.56 யூனிட் மின்சாரம் ஆகிறது (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). உருளையைச் சுழற்றவும் நீரை வெளியேற்றவும் ஆவது இதில் ஒரு சிறு பங்குதான். ஐரோப்பாவில் 60 பாகையிலிருந்து 30 பாகைக்கு இறங்குமாறு வற்புறுத்துவதன் காரணம் இதுவே. தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களிலோ அந்த 30 பாகை ஏறத்தாழக் குழாயிலேயே கிடைத்துவிடுகிறது. ஆயினும் முன்புறம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றில் பருத்தித் துணிக்கான செயல்முறையைத் தேர்ந்தவுடன் 40 அல்லது 60 பாகை தானாகவே குறிக்கப்படுகிறது. அதைக் கவனியாமல் பொத்தானை அழுத்துவோர், வெந்நீர் வேண்டும் என்று எண்ணாமலேயே அதற்குப் பணம் கட்டுகின்றனர். வெப்பநிலையைக் குளிர்நீருக்கு மாற்றுவது ஒரு காசு முதலீடின்றிக் கிடைக்கும் மிகப் பெரிய சேமிப்பாகும். தொற்றுநோயாளியின் படுக்கை விரிப்பு, குழந்தையின் மலம்பட்ட துணி ஆகியவற்றுக்கும், உருளைக்குள் படியும் வழவழப்பையும் நாற்றத்தையும் போக்க எப்போதாவது ஒருமுறை ஓட்டும் வெறுஞ்சுற்றுக்கும் வெந்நீர் தேவையே.

குளிர்நீரில் அழுக்குப் போகுமா என்ற ஐயம் பழைய வேதியியலின் எச்சம். 1907-ல் வெளிவந்த பெர்சில் போன்ற தொடக்ககாலத் தூள்களில் வெளுக்கும் பொருளாக இருந்த பெர்போரேட், கொதிநீரை நெருங்கும் சூட்டில்தான் நன்கு வேலைசெய்தது. இன்றைய தூள்களில் சேர்க்கப்படும் நொதிகள், அதாவது புரதம், மாவுப்பொருள், கொழுப்பு ஆகியவற்றைச் சிதைக்கும் உயிர்வினையூக்கிகள், 30 பாகை அளவிலேயே செயல்படக்கூடியவை. இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகளுக்குச் சூடு தீங்கே செய்கிறது. புரதம் உறைந்து இழையைப் பற்றிக்கொள்வதால், அவற்றை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுவதே முறை.

தூளின் அளவைத் தீர்மானிப்பதில் தண்ணீரின் கடினத்தன்மைக்குப் பெரும்பங்கு உண்டு. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரைக் கடினநீர் என்பர். பேச்சுவழக்கில் இது உப்புத்தண்ணீர். இவ்வுப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத திப்பியாகப் படிவதால் துணி மங்கி விறைக்கிறது. டிடர்ஜென்ட் இதைத் தாங்குமாயினும் அதன் ஒரு பங்கு உப்புகளை அடக்குவதிலேயே வீணாகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் இவ்வளவுகளை மீறும் இடங்களில், விலைமிக்க தூளைக் கூட்டுவதைவிடச் சிறிது சலவைச் சோடா சேர்ப்பது மலிவு. பட்டு, கம்பளி ஆகியவற்றுக்கு மட்டும் அதன் காரம் ஆகாது. பிடித்துவைத்த மழைநீர் மென்னீராதலால் அதில் பாதித் தூளே கூடப் போதுமானதாக இருக்கும். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது தவறான நம்பிக்கை. மிகுநுரை இயந்திரத்தில் துணி உரசுவதைத் தடுப்பதோடு அலசும் தண்ணீரையும் கூட்டிவிடுகிறது.

ஒரு சலவைக்கு மேற்புறம் திறக்கும் தானியங்கி இயந்திரம் நூறு லிட்டருக்கு மேலும், முன்புறம் திறப்பது அதில் பாதியளவும் எடுப்பது பொதுநிலை. தண்ணீருக்கும் மின்செலவு உண்டு: 60 மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டரை ஏற்ற, மோட்டாரின் திறனிழப்பையும் சேர்த்து ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். ஒரு சலவைக்கான அதன் பங்கு, வெந்நீருக்கு ஆவதோடு ஒப்பிட, மிகச் சிறிது. லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்புகளில் கணக்கு வேறு. சிக்கனத்தில் செமி ஆட்டோமேட்டிக் எனப்படும் இரட்டைத் தொட்டி இயந்திரத்துக்கு உரிய மதிப்புத் தரப்படுவதில்லை. அதில் ஒருமுறை கரைத்த சோப்புநீரிலேயே முதலில் வெள்ளை, அடுத்து வெளிர்நிறம், பிறகு சாயம் போகும் துணி, கடைசியில் மிதியடி என்று வரிசையாகப் போட முடிகிறது. அலசிய நீரைக் கழிப்பறைக்கும் முற்றம் கழுவவும் எடுத்துக்கொள்ளலாம். ஆளின் உழைப்பு கூடும் என்பதும், அவ்வுழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது என்பதும் இக்கணக்கில் விட்டுப்போகக் கூடாதவை.

உலர்த்துதல் குறித்த கணக்கே பலருக்கு வியப்பளிப்பது. ஈரத்துணியில் உள்ள ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதே நீரின் ஒரு பகுதியைச் சுழற்சியால் பிழிந்தெறிய அதில் மிகச் சிறு பங்கே போதும். கொடியில் காயும்போது அவ்வெப்பத்தை வெயிலும் காற்றும் தந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியை அறைக்குள் தொங்கவிட்டு இரவெல்லாம் மின்விசிறியை ஓடவிடும்போதுதான் கணக்குத் தலைகீழாகிறது. 75 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், குளிர்நீரில் அத்துணியைத் துவைக்க ஆனதைவிட இது கூடுதல். மழைக்காலத்தில் துவைத்த துணியை இன்னும் ஐந்து நிமிடம் பிழியவிடுவதும், ஆள் உறங்கும் அறையில் எப்படியும் ஓடும் விசிறியின் கீழேயே கொடி கட்டுவதும், ஏறத்தாழ 30 வாட் மட்டுமே எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறியைப் பயன்படுத்துவதும் இவ்விரயத்தைத் தவிர்க்கும்.

தேய்ப்புப்பெட்டியும் வெப்பக் கருவியே. 1000 வாட் பெட்டியை நாள்தோறும் ஒரு சட்டைக்காகச் சூடேற்றுவதைவிட, வாரத் துணியை ஒன்றாகத் தேய்ப்பதும், தடித்த பருத்தியை முதலில் முடித்து, இணைப்பை நிறுத்தியபின் எஞ்சும் சூட்டில் மெல்லிய செயற்கையிழைத் துணியைத் தேய்ப்பதும் சிக்கனமானவை. சட்டையை உதறிக் காயப்போட்டால் தேய்க்கும் வேலையே குறைகிறது.

மிச்சமாகும் யூனிட்டின் பணமதிப்பு எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 2022-ல் திருத்தப்பட்ட வீட்டு மின்கட்டண அமைப்பில், இரு மாதங்களுக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயும், 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாயும் விதிக்கப்பட்டன. இதனால் 501-ஆவது யூனிட் தன் விலையோடு 225 ரூபாயையும் சேர்த்து இழுத்துவந்தது. வாரம் மூன்று முறை 60 பாகையில் துவைக்கும் வீடு குளிர்நீருக்கு மாறினால் இரு மாதங்களில் சுமார் 15 யூனிட் குறையும். நூறு யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு அதனால் கட்டணத்தில் மாற்றம் ஏதுமில்லை, ஐந்நூறின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கோ அது கட்டணப் படிநிலையையே மாற்றிவிடும்.